இங்கிலாந்தில் பள்ளியிடம் லிஃப்ட் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்

வீல்சேரில் போகும் பிள்ளையோடு இங்கிலாந்துக்கு வருகிறீர்கள் என்றால், வீடு பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் வீட்டை முடித்த பிறகுதான் இதெல்லாம் தெரிந்துகொண்டோம். அதில் என் மகளுக்கு ஏழு மாதப் படிப்பு வீணானது.

முதலில் சான்றிதழ் விஷயம். மருத்துவக் குழு முன்னால் மணிக்கணக்கில் காத்திருந்து நாம் ஊரில் வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இங்கே யாரும் கேட்பதில்லை. 40 சதவீதம் என்ற கோடே இங்கு கிடையாது. அன்றாட வேலைகளைச் செய்வதில் கணிசமான சிரமம் இருக்கிறதா, அது 12 மாதமாவது நீடிக்குமா என்பதைத்தான் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் பார்க்கிறது. அதனால் மருத்துவ அறிக்கைகளோடு, பிள்ளை எதைத் தானாகச் செய்வாள், எதற்குத் துணை வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பையும் வாங்கி வாருங்கள். இங்கே எடுபடுவது அதுதான்.

அலுவலக வேலைகள் பெரிய பாடில்லை. ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து, அவர் மூலமாக என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் வீல்சேர் பிரிவுக்குப் பரிந்துரை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்தச் சலுகை அட்டையான புளூ பேட்ஜுக்கு, கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். விசாவில் பொது நிதி கிடையாது, அதாவது அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது என்று போட்டிருந்தால், குழந்தைகளுக்கான டிஎல்ஏ உதவித்தொகைப் பக்கம் போகாதீர்கள், அது பொது நிதிக் கணக்கில் வரும். பள்ளி செய்யும் உதவியும், பின்னால் சொல்லப்போகும் இஎச்சி பிளானும் (பிள்ளைக்கு என்ன தனி உதவி வேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் திட்டம்) அந்தக் கணக்கில் வராது. விசாவுக்கு ஆபத்து என்று பயந்து பலர் அவற்றையும் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, நாங்கள் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன்.

வந்த முதல் வாரம் பக்கத்திலிருந்த நூலகத்துக்குப் போனோம். பழைய கட்டடம்தான், ஆனால் பக்கவாட்டில் சரிவுப்பாதையும் தானாகத் திறக்கும் கதவும் இருந்தன. மகள் யாரையும் கூப்பிடாமல் தானே உள்ளே போய்விட்டாள். பத்து வருடமாக அவளைத் தூக்கிக்கொண்டே படியேறிப் பழகியவர்கள் நாங்கள். நான் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். இந்த நாட்டில் பள்ளிக்கூடமும் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சட்டம் அப்படி இல்லை. நூலகம், கடை, மருத்துவமனை, கவுன்சில் அலுவலகம் ஆகியவற்றில் கட்டடமே தடையாக இருந்தால், அதை நீக்கவோ மாற்றவோ வேறு வழி செய்யவோ அவர்கள் நியாயமான அளவுக்கு முயலவேண்டும். பள்ளிக்கு, தன் மாணவர்கள் விஷயத்தில், அந்தக் கடமை இல்லை. ஒரு மாணவிக்காக லிஃப்ட் போடச் சொல்லி இந்தச் சட்டத்தைக் காட்டிப் பள்ளியைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குப் பதிலாக, கட்டடத்தைப் படிப்படியாக மேம்படுத்துவது பற்றி 'அக்சஸிபிலிட்டி பிளான்' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைப் பள்ளி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். புதிதாகக் கட்டும் கட்டடம் என்றால் கட்டட விதிகளின் ‘M’ பகுதி பொருந்தும். சரிவுப்பாதை எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம் என்பதற்குக்கூட அதன் வழிகாட்டியில் அளவு இருக்கிறது: 10 மீட்டர் நீளம் என்றால் 1:20, அதாவது 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், 2 மீட்டர் என்றால் 1:12. விக்டோரியா காலத்தில் கட்டி அப்படியே நிற்கும் பள்ளியிடம் இந்த அளவைக் காட்டிப் பயனில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அப்படியொரு பள்ளி. பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் உச்ச மதிப்பீடு, வீட்டிலிருந்து பத்து நிமிடம். பார்க்கப்போன அன்று, "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அதை எழுத்தில் வாங்கவில்லை. செப்டம்பரில் இயர் 7, அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடம் தொடங்கியதும்தான் வரலாறு, புவியியல், பிரெஞ்சு மூன்றும் மாடியில் என்று தெரிந்தது. வாரத்துக்கு எட்டு பீரியட், என் மகள் பள்ளி நூலகத்தில் தனியாக ஒரு ஒர்க்‌ஷீட்டோடு உட்கார்ந்திருந்தாள். மதிய உணவுக்கு எல்லோரும் இறங்கி வரும்போது, வகுப்பில் என்ன நடந்தது என்று தோழிகளிடம் கேட்டுக்கொள்வாளாம்.

நான் லிஃப்ட் கேட்டு மெயில் மேல் மெயிலாக அனுப்பினேன். பணம் இல்லை, பழமையான கட்டடம், வருங்காலத் திட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் வந்தது. லிஃப்ட் விஷயத்தில் சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

ஏழாவது மாதம், சென்டயாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவைக்குப் போன் செய்தேன். எல்லாக் கவுன்சில் பகுதியிலும் இது உண்டு. போனை எடுத்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "லிஃப்டை விடுங்கள், வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். எந்தப் பாடம் எந்த அறையில் என்பது கட்டடம் அல்ல, பள்ளியின் நடைமுறை. ஒரு நடைமுறை மாற்றுத்திறனாளி மாணவிக்குப் பெரிய பாதகமாக இருந்தால், அதற்கு நியாயமான மாற்றம் செய்வது பள்ளியின் கடமை. 2012 செப்டம்பரிலிருந்து துணைக்கருவிகளும் இந்தக் கடமையில் சேர்ந்திருக்கின்றன. அன்று இரவே, சிறப்புத் தேவை உள்ள மாணவர்களைப் பள்ளியில் கவனிக்கும் சென்கோ ஆசிரியருக்கு எழுதினேன்: சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றமாக இந்த மூன்று பாடங்களையும் கீழ்த்தள அறைகளுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். இரண்டே வாரத்தில் அறைகள் மாறின.

மறுத்திருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் பாகுபாடு நடந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அங்கே பணம் கிடைக்காது, பள்ளியை மாற்றங்கள் செய்யச் சொல்லவும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதனால் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் மெயிலில் வையுங்கள். நேரில் பேசினால்கூட, இன்று இப்படிப் பேசினோம் என்று மாலையே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் இஎச்சி பிளான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்பார்கள், அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள வசதிகளைப் பயன்படுத்த முடியாமல் உடல் குறைபாடு தடுக்கிறது, அதற்காகத் தனி ஏற்பாடு வேண்டும் என்றாலே மதிப்பீடு கேட்கலாம். பள்ளிக்காகக் காத்திராமல் பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வார்களா என்று 6 வாரத்தில் பதில் வரவேண்டும், மொத்த வேலையும் 20 வாரத்தில் முடியவேண்டும். பிளானில் பிள்ளைக்கான கல்வி உதவிகளைச் சொல்லும் எஃப் பிரிவில் எழுதியதைக் கவுன்சில் செய்தே ஆகவேண்டும். பள்ளியைக் குறிக்கும் ஐ பிரிவில் பெயர் போட்ட பள்ளி, இடமில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பள்ளிகளின் அக்சஸிபிலிட்டி பிளானை அவர்கள் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். நேரில் போகும்போது, எந்தெந்தப் பாடம் மாடியில், தீப்பிடித்தால் இவளை யார் எப்படி வெளியே கொண்டுவருவார்கள் என்று கேளுங்கள். கழிவறையில் அவசர அழைப்புக்கான சிவப்புக் கயிறு தரைக்கு மிக அருகில் வரை தொங்குகிறதா பாருங்கள். கீழே விழுந்தவள் கையை நீட்டிப் பிடிக்கத்தான் அந்தக் கயிறு, பல இடங்களில் கூட்டிப் பெருக்க இடைஞ்சல் என்று மேலே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் எங்கே பார்த்தாலும் அவிழ்த்துவிட்டுத்தான் வருவேன்.

மகள் இப்போது இயர் 8. புவியியல் வகுப்பு கீழே, வாசலுக்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. ஜன்னலோர இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.