பழைய மேஜைக்கு பெயின்ட்: தேய்மானம் எங்கே வர வேண்டும்?

பழைய சாமான் வாங்கும்போது நான் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. நிறத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். டிராயரை முழுசாக வெளியே உருவி மூலையைப் பார்ப்பேன். பலகைகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது மெனக்கெட்டுச் செய்த பொருள். வெறும் பின் அடித்துச் சேர்த்ததாக இருந்தால் விட்டுவிடலாம், அல்லது சும்மா வருகிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம். காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பசையும் கிளாம்பும் போதும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகளுக்கும், அதன் கீழே புதிதாகக் கொட்டிய மாவு போன்ற தூளுக்கும்தான். பழைய ஓட்டை மட்டும் இருந்தால் பூச்சி போய்விட்டிருக்கலாம். தூள் புதிதாக விழுகிறது என்றால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. அதற்கு மருந்து வைத்து முடிக்கும்வரை மற்ற மரச்சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பையில் ஒரு சின்ன காந்தம் வைத்திருப்பேன். கைப்பிடியில் ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளை முலாம். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். முலாம் பூசியதை அழுத்தித் தேய்த்தால் முலாம் போய் இரும்பு பல்லிளிக்கும்.

இங்கே நான் சொல்லப்போவது, பழைய சாமானுக்குப் பெயின்ட் அடித்து, பலகாலம் புழங்கித் தேய்ந்த தோற்றத்தைக் கொண்டுவரும் முறை. இரண்டு டிராயர் வைத்த சின்ன மேஜையை மனதில் வைத்துச் சொல்கிறேன். நாற்காலிக்கும் பெட்டிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் இதே முறைதான்.

முதலில் எதற்கு பெயின்ட் அடிக்கக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். மேல்பலகை நல்ல கெட்டி மரம், ரேகை அழகாக ஓடுகிறது என்றால் அதை அப்படியே விட்டு, காலுக்கும் டிராயர் முகத்துக்கும் மட்டும் நிறம் கொடுங்கள். என் தங்கை கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிடுவாள். எங்கள் இருவருக்கும் நடுவே தீராத வழக்கு இது.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் சேர்க்கத் தடை வந்ததே 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்து. ஈயம் கலந்த பெயின்ட்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசு மூச்சிலும் தரையிலும் போகும், குழந்தைகளுக்கு மிக மோசம். சோதித்துப் பார்க்கும் கிட் கிடைக்கிறது. சந்தேகம் தீரவில்லையா? சுரண்டாதீர்கள். உரியாமல் கெட்டியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து அதன் மேலேயே பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்கலாம். உரிந்து கொட்டுகிற நிலையில் இருந்தால் வேறு பொருள் பாருங்கள்.

அப்புறம் கழுவுதல். பெயின்ட் உரிந்து வந்தது என்று புலம்புகிற பலருக்கும் குறை பெயின்ட்டில் இல்லை, அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பழைய பாலிஷ் மெழுகிலும்தான். கைப்பிடியையும் கீலையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி. நன்றாகக் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். நிறம் பஞ்சில் ஒட்டி வந்தால் தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட். ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் பெயின்ட்டோ கெட்டி வார்னிஷோ; அதன் மேல் தண்ணீர் பெயின்ட் நேராக நிற்காது, (ஈயம் இல்லை என்று உறுதியானால் மட்டும்) பளபளப்பு போகும்வரை 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிடிப்புள்ள பிரைமர் ஒரு கோட் அடித்தாக வேண்டும்.

செம்மரச் சாயல் உள்ள மரமானால் இன்னொரு தொல்லை. வெள்ளை அடித்த மறுநாள் பழுப்பாகவோ ரோஸாகவோ திட்டு எழும்பி வரும். அதன் மேல் இன்னும் இரண்டு கோட் வெள்ளை அடித்தாலும் மறுபடி எழும்பும், மரத்தில் இருக்கும் சாறு அது. மெழுகு நீக்கிய அரக்கு, அதாவது ஷெல்லாக், இரண்டு மெல்லிய கோட் அடித்தால்தான் அடங்கும். டிராயருக்குள் அடிக்கும் பழைய வாடைக்கும் இதுவே மருந்து. முதலில் ஓரிரு நாள் காற்றாட வைத்துவிட்டு, உட்புறம் ஷெல்லாக் பூசிவிடுங்கள்.

பழைய தோற்றம் வேண்டும் என்றால் பளபளப்பில்லாத பெயின்ட்தான். சாக் பெயின்ட் என்று விற்பதை ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண் 1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் கொண்டுவந்தார். வீட்டிலேயே ஏறக்குறைய அப்படி ஒன்று கலக்கலாம். மூன்றில் ஒரு பங்கு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சலித்து, அதே அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் தண்ணீர் பெயின்ட்டில் ஊற்றிக் கலக்குங்கள். பவுடரை நேராக பெயின்ட்டில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், வைத்தால் இறுகிவிடும். ரோலர் வேண்டாம், பிரஷ்தான். பிரஷ் போன தடம் லேசாகத் தெரிவதுதான் அழகு.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கடைகளில் 'பழைய ஸ்டைல்' என்று விற்கும் மேஜைகளில் எல்லா ஓரமும் ஒரே அளவில் தேய்த்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்துவிடும். உண்மையில் ஒரு பொருள் தேய்வது கை படும் இடத்தில், கால் இடிக்கும் இடத்தில். ஆகவே உப்புத்தாளை எடுக்கும் முன் அந்த மேஜையைக் கொஞ்ச நேரம் பயன்படுத்துவதுபோல் நடித்துப் பாருங்கள். டிராயரை இழுங்கள். குமிழைப் பிடிக்கும்போது விரல் மடங்கி, நகம் குமிழைச் சுற்றியுள்ள பலகையில் உரசுகிறதல்லவா, அங்கே ஒரு வட்டத்துக்கு நிறம் மங்கியிருக்க வேண்டும். டிராயரை மூடும்போது உள்ளங்கை அழுத்துவது அதன் மேல் விளிம்பை. அதிலும் நடுப்பகுதி அதிகம் தேயும், இரு முனையும் அவ்வளவு தேயாது. உட்காரும்போது முழங்கால் எங்கே இடிக்கிறது? பெருக்கும்போது துடைப்பம் காலின் எந்த உயரம்வரை படுகிறது? அங்கெல்லாம் மரம் தெரியலாம். பின்பக்கக் கால்களைத் தொடவே வேண்டாம், சுவரோடு கிடப்பதை யார் தேய்த்திருக்கப் போகிறார்கள்?

செய்முறை இப்படி. அடியில் அடர்த்தியான நிறம், உதாரணமாகக் கரும்பழுப்பு, ஒரு கோட். காய்ந்ததும் நிறமில்லாத மெழுகுவர்த்தியை எடுத்து, மேலே சொன்ன இடங்களில் மட்டும் கோடு கோடாகத் தேயுங்கள். அதன் மேல் வெளிர் நிறம் இரண்டு கோட். அது காய்ந்த பின் 220 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மேல் நிறம் பிடிப்பில்லாமல் சில்லு சில்லாக வந்துவிடும், அடிநிறம் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் நாலடி தள்ளி நின்று பாருங்கள். போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள்.

விரிசல் விட்ட தோற்றம் கேட்பவர்கள் உண்டு. இரண்டு நிறத்துக்கு நடுவே வெள்ளைப் பசை ஒரு கோட் பூசி, கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது மேல் பெயின்ட்டை ஒரே இழுப்பில் அடித்துவிட வேண்டும். பிரஷ்ஷைத் திரும்பக் கொண்டுபோனால் கெட்டது. பசை கனமானால் விரிசலும் அகலம். மேஜை முழுக்கச் செய்தால் கண் வலிக்கும். ஒரு டிராயர் முகத்தோடு விட்டுவிடுவேன்.

டிராயரின் உட்புறமும் பக்கவாட்டும் காகித வேலைக்குத் தோதான இடம். திறந்தால் மட்டுமே தெரியும். படங்களை வெட்டி ஒட்டி மேலே வார்னிஷ் போடும் இந்த டெக்கோபாஜ், 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் கிழக்காசிய அரக்கு வேலைக்கு மலிவான மாற்றாகவே தழைத்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வண்ணக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். கிட்டத்தட்ட ஆயிரம் பூக்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சொல்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவது.

பழைய கடிதம், வரைபடம் எதுவானாலும் அசலை ஒட்டாதீர்கள், நகல் எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் பசை பட்டதும் கரைந்து ஓடும், லேசர் பிரிண்ட்டோ ஜெராக்ஸோ ஓடாது. நகல் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஆறிய டீத்தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசிக் காயவிடுங்கள். பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி பலகையிலும் காகிதத்தின் முதுகிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவுங்கள். கொப்புளம் வந்தால் காய்ந்த பின் பிளேடால் கீறி, உள்ளே துளி பசை விட்டு அழுத்தினால் சரியாகிவிடும். மேலே மூன்று நான்கு கோட் வார்னிஷ்.

கிழிந்த லேஸ் துணியோ குரோஷா விரிப்போ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மேல்பலகையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, நேர் மேலிருந்து ஸ்பிரே பெயின்ட் லேசாக இரண்டு முறை தூவி எடுத்தால் பூவேலை அப்படியே பதியும். சாய்த்து அடித்தால் அடியில் புகுந்து மங்கிவிடும்.

கடைசிப் பூச்சு. டிராயருக்கும் காலுக்கும் மரச்சாமானுக்கென்று விற்கும் மெழுகு போதும்: முதலில் நிறமில்லாத மெழுகு, அதன் மேல் செதுக்கல் இடுக்குகளில் மட்டும் கரும் மெழுகு. நேராகக் கரும் மெழுகைப் பூசினால் சாக் பெயின்ட் உறிஞ்சித் திட்டாகிவிடும். தண்ணீர் டம்ளர் வைக்கும் மேல்பலகைக்கு மெழுகு தாங்காது, தண்ணீர் அடிப்படையிலான தெளிவான வார்னிஷ் போடுங்கள். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக வெள்ளையை மஞ்சளாக்கும். வர்த்தி மெழுகு தேய்த்த இடத்தில் வார்னிஷ் ஒட்டாது என்பதால் அங்கே மிச்ச மெழுகை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.

மேல்பலகையை மரமாகவே விட்டு ஆளி விதை எண்ணெய் தேய்த்தீர்கள் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போட்டு, விறைத்த பின் எறியுங்கள்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பெயின்ட் முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை கனமான பொருளும் ஈரத்துணியும் வேண்டாம். மிச்ச பெயின்ட்டில் பவுடர் கலக்காததைச் சின்ன பாட்டிலில் மூடி வைத்து, டிராயரின் அடியில் நிறத்தின் பெயர், எண், என்ன மெழுகு, எந்த மாதம் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னால் ஒரு கீறல் விழும்போது தேடுவது இதைத்தான்.