தமிழ் எழுத்துரு உடைந்தால்: எச்பி-வியூவில் சோதிப்பது எப்படி?

உலாவியில் தமிழ் உடைந்து தெரிந்தால் உடனே எழுத்துருவை மாற்றிவிடாதீர்கள். கோளாறு எழுத்துருவிலா, அடித்த உரையிலா, திரை வரைவதிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தோடு வரும் எச்பி-வியூ, எச்பி-ஷேப் இரண்டும் போதும். முதலாவது உரையைப் படமாக வரையும், இரண்டாவது அதன் துண்டுகளைப் பட்டியலிடும். குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ் ஆகியவையும் எழுத்துகளைக் கோக்க இதே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

உபுண்டு, டெபியனில் லிப்ஹார்ஃப்பஸ்-பின் பொதியை நிறுவுங்கள். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக ஹார்ஃப்பஸ். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.

எச்பி-வியூ --ஃபான்ட்-சைஸ்=96 --அவுட்புட்-ஃபைல்=படம்.பிஎன்ஜி நோட்டோ.டிடிஎஃப் "கொக்கு பக்ஷி கௌதாரி"

நோட்டோ.டிடிஎஃப் இருக்கும் இடத்தில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் வேலை செய்யாது. கோப்பின் பாதைதான் வேண்டும். பாதை தெரியாவிட்டால் 'எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ' தமிழ் எழுத்துருக்களைக் கோப்போடு பட்டியலிடும். படத்தில் வெற்றுக் கட்டம் வந்தால் அந்த எழுத்து எழுத்துருவில் இல்லை. உலாவி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி ஒப்பேற்றிவிடும், எச்பி-வியூ அப்படிச் செய்யாது. சோதனைக்கு அதுதான் நல்லது.

பலரும் சறுக்குவது 'கௌ'வில். ககரம், எகரக்குறி, பிறகு ளகரம் என்று அடித்தாலும் திரையில் கிட்டத்தட்ட அதே உருவம்தான். கண்ணால் பிடிக்க முடியாது. தேடினால் மட்டும் சொல் கிடைக்காது. இங்கே படத்தை நம்பாமல் எச்பி-ஷேப்பிடம் கேளுங்கள்:

எச்பி-ஷேப் நோட்டோ.டிடிஎஃப் "கௌ"

சரியாக அடித்த கௌ மூன்று துண்டாக வரும்: எகரக்குறி, ககரம், வலப்பக்கக் குறி. மூன்றின் பெயருக்குப் பின்னும் '=0' இருக்கும், அதாவது மூன்றும் ஒரே எழுத்துக் கூட்டம். தவறாக அடித்ததில் கடைசித் துண்டு '=2' என்று தனியாக நிற்கும். கூட்டல் குறிக்குப் பின்னுள்ள எண் துண்டின் அகலம், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

புள்ளி வட்டம் தோன்றினால் உரையில் எகரக்குறி ககரத்துக்கு முன்னால் இருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த உரையில் இது சகஜம். எழுத்துருமேல் பழிபோடாமல் உரையைத் திருத்துங்கள்.

சிறிய அளவில் எழுத்து மங்குகிறதா என்பதற்கு எச்பி-வியூ சாட்சி ஆகாது. எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளோடு பொருத்தும் ஹின்டிங்கை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது. அதற்கு ஃப்ரீடைப்2-டெமோஸ் பொதியிலுள்ள எஃப்டிவியூதான் என் தேர்வு. 'எஃப்டிவியூ 14 நோட்டோ.டிடிஎஃப்' என்று திறந்து, எச் விசையால் ஹின்டிங்கை அணைத்து, ஏற்றி, ஒப்பிடுங்கள். எஃப்1 தட்டினால் மற்ற விசைகளின் பட்டியல் வரும். உங்கள் கணினியில் ஹின்டிங் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை 'எஃப்சி-மேட்ச் -வி' காட்டும்: ஹின்ட்ஸ்டைல் 0 என்றால் இல்லை, 1 லேசு, 2 நடுத்தரம், 3 முழுசு.

பிற்சேர்க்கை: விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் தமிழ் கேள்விக்குறிகளாக மாறினால், உரையை யூடிஎஃப்-8 கோப்பில் சேமித்து '--டெக்ஸ்ட்-ஃபைல்' வழியாகக் கொடுங்கள்.