நைட்ரஸ் பூட்டிய காருக்குப் பிளக் தேர்ந்தெடுப்பதும் அதைப் படிப்பதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய புரோட்டோன் வீராவையோ சத்ரியாவையோ வாங்கி, இஞ்சினைத் தாங்களே பிரித்துச் சேர்த்து, அதில் நைட்ரஸ் (கூடுதல் சக்திக்காக இஞ்சினுக்குள் செலுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பூட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வாயு பாட்டிலுக்கும் அதைத் திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் அவர்கள், தீப்பொறி தரும் பிளக்கை மட்டும் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பிளக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஓட்டத்துக்குப் பின் கழற்றி, பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தால், பிஸ்டன் ஓட்டையாகும் முன்பே இஞ்சினின் நிலை தெரிந்துவிடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

காற்றில் எடையளவில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. நைட்ரஸ் ஆக்சைடில் அது 36 விழுக்காடு. கூடுதல் ஆக்சிஜனோடு கூடுதல் பெட்ரோலும் எரிவதால் சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஏறுகின்றன. பிளக்கின் முனை ஏறத்தாழ 500 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கரி படியும். அதற்கு மேலே போனால், தீப்பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும். நைட்ரஸ் இஞ்சினில் இந்த முன்பற்றுதல் பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். ஆகவே சூட்டை விரைவாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும் 'கோல்ட்' பிளக் தேவைப்படுகிறது.

எவ்வளவு கோல்ட் என்பதற்கு நடைமுறையில் உள்ள கணக்கு, கூட்டும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பதாகும். எண்களைப் படிக்கும்போது கவனம் வேண்டும். என்ஜிகே, டென்சோ ஆகியவற்றில் எண் கூடினால் பிளக் கோல்ட். பாஷ், சாம்பியன் ஆகியவற்றில் எண் கூடினால் ஹாட். காருக்குரிய பிளக் பிகேஆர்6இ-11 என்றால், அதன் 6 சூட்டுப் படியையும், கடைசியில் உள்ள 11 என்பது தீப்பொறி தாண்டும் 1.1 மி.மீ. இடைவெளியையும் குறிக்கும். 50 குதிரைத்திறன் கூட்டும் சிறிய நைட்ரஸ் கிட்டுக்கு பிகேஆர்7இ போதுமானது. அதற்காக நேரே 9-க்குத் தாவுவதை நான் ஏற்கமாட்டேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய் வரும் காரில் அந்தப் பிளக் கரி பிடித்து மிஸ் ஆக (தீப்பொறி தவற)த் தொடங்கும், மிஸ் ஆகும் இஞ்சினில் நைட்ரஸைத் திறந்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

பெரிய கிட் என்றால், முனை வெளியே நீண்டிருக்கும் வகையைத் தவிர்த்து, நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் குட்டையாகவும், அதற்கு எதிரே வளைந்து நிற்கும் வெளிக்கம்பி தடிப்பாகவும் சின்னதாகவும் உள்ள பிளக்கை வாங்குவது நல்லது. நீண்ட கம்பி சூட்டைக் கடத்த வழியில்லாமல் அதுவே கனன்று பற்றவைக்கும். இடைவெளியை 0.8 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும், ஏனெனில் அழுத்தம் கூடும்போது அகலமான இடைவெளியைத் தீப்பொறியால் தாண்ட முடியாது. அளக்கப் பீலர் கேஜ் போதும். வெளிக்கம்பியை மட்டும் வளைக்க வேண்டும், நடுமுனையைத் தொடவே கூடாது.

கழற்றுவதற்கு முன் பிளக் குழிக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காரின் குழியில் மணல் நிறையச் சேர்ந்திருக்கும். பிளக் வெளியே வந்ததும் அது நேரே சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கைக் கையால் முழுவதும் திருகிய பின், ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்கினால் போதும்.

சோதனை ஓட்டத்தைப் பந்தயத் தடத்திலோ, காரை நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவிலோதான் செய்ய வேண்டும். செம்பனை லாரிகளும் மோட்டார்களும் போகும் தோட்டச் சாலை அதற்கு இடமல்ல. பாட்டிலின் அழுத்தத்தை 900 முதல் 1000 பிஎஸ்ஐ-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது முக்கியம்: 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது, வெயிலில் நிறுத்திய காரின் பூட் (பின்பெட்டி) அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். காலையில் ஓர் அழுத்தம், பிற்பகலில் வேறோர் அழுத்தம் என்றால், இரண்டு வேளைப் பிளக்குகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இஞ்சினைப் பழைய பிளக்கில் சூடாக்கிவிட்டுப் புதியவற்றை மாட்டி, முழு ஆக்ஸிலேட்டரில் ஓர் ஓட்டம் ஓட்டுங்கள். முடிவில் நைட்ரஸை நிறுத்திய உடனே கிளட்சை மிதித்து, இஞ்சினை அணைத்து, கார் உருண்டு நிற்கவிடுங்கள். சாவியை ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அளவுக்குத் திருப்பக் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாகும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். ஐடிலில் ஓட்டித் திரும்பிவந்தால் நீங்கள் படிப்பது ஐடிலின் கரியைத்தான். ஹெட் ஆறும்வரை காத்திருந்து கழற்றலாம். காத்திருப்பதால் அடையாளம் அழிவதில்லை. எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருக்குரியது என்பது மாறாமல் வரிசையாக வையுங்கள்.

இனிப் படிப்பது. பீங்கானின் நுனி பழுப்பாக இருந்தால் சரி, வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பழக்கம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இன்றைய ரோன்95, ரோன்97 பெட்ரோலில் ஓர் ஓட்டத்தில் நுனிக்கு நிறமே ஏறாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சிறிய டார்ச்சும் எடுத்துக்கொண்டு, பீங்கான் இரும்பு உடலுக்குள் இறங்கி மறையும் அடிவரை பாருங்கள். அங்கே புகை நிறத்தில் மெல்லிய வளையம் தெரிந்தால் கலவை சரி. வளையமே இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை. தடித்து மேலே ஏறியிருந்தால் கூடுதல். தொடக்கத்தில் கூடுதலாக வைத்துப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி.

அடுத்து வெளிக்கம்பி. சூட்டில் நிறம் மாறிய ஒரு கோடு அதில் இருக்கும். கோடு கம்பியின் வளைவுக்கு அருகில் இருந்தால் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எவ்வளவு முன்னதாகத் தீப்பொறி வருகிறது என்பது) சரி. நுனியிலேயே நின்றால் டைமிங் குறைவு. கம்பி உடலோடு ஒட்டவைக்கப்பட்ட இடம்வரை இறங்கியிருந்தால் டைமிங் கூடிவிட்டது. நைட்ரஸில் 50 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 2 டிகிரி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது வழக்கம். பிளக் கோல்டா ஹாட்டா என்பதை மரையில் பார்க்க வேண்டும்: முதல் இரண்டு மூன்று மரை நிறம் மாறியிருந்தால் பொருத்தம், அதற்கும் மேலே நிறம் ஏறியிருந்தால் இன்னும் ஒரு படி கோல்ட் தேவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் புதிய பிளக்கில் ஓட்டிப் பாருங்கள்.

லென்ஸில் பார்க்கும்போது பீங்கான்மேல் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ, வெள்ளியாக மின்னும் நுண்மணிகளோ தெரிந்தால், மற்ற எதையும் படிக்க வேண்டியதில்லை. கரும்புள்ளி, கலவை தானாக வெடித்து இஞ்சின் தட்டுவதற்கான அடையாளம். மின்னும் மணி உங்கள் பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம். அன்றைக்கு நைட்ரஸ் பாட்டிலை மூடிவிட்டு, கம்பிரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) அளந்து, பெட்ரோல் அழுத்தத்தையும் ஃபில்டரையும் சோலனாய்டையும் சோதியுங்கள். நான்கு பிளக்கில் ஒன்றில் மட்டும் மணி தெரிந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் அதற்குப் பெட்ரோல் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். கம்பிரஷன் நான்கிலும் சமமாக இருந்தால் மட்டும், சிறிய நைட்ரஸ் ஜெட்டும் (நைட்ரஸ் பாயும் துளை) பின்தள்ளிய டைமிங்குமாக மறுபடி தொடங்கலாம்.