வீட்டுத் தோட்டத்தில் கோல்டன் வாட்டில்: விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

ஆகஸ்ட் குளிரில் இங்கே ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன், அடிலெய்டு பக்கம் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதுதான் கோல்டன் வாட்டில். நம்ம கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். 1988-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அந்த மண்ணிலேயே பிறந்த மரம் என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் கவனித்தால் போதும்.

1. விதைத்தோல் ரொம்பக் கெட்டி; சும்மா விதைத்தால் லேசில் முளைக்காது. காட்டில் தீயின் சூடுதான் அதைத் திறக்கும். நமக்குக் கெட்டில் போதும். விதைகளை டம்ளரில் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைக்கலாம். உப்பாதவற்றுக்கு மறுபடியும் கொதிநீர்.

2. ஆணிவேர் வேகமாக இறங்கும், அதனால் உயரமான தொட்டி. மணல் கலந்த மண்ணில் 1 செ.மீ. ஆழம். முதலில் புளிய இலை மாதிரி சிற்றிலைகள்தான் வரும். வேறு ஏதோ செடி என்று பிடுங்கிவிடாதீர்கள்! போகப்போக இலைக்காம்பே தட்டையாகி நீண்ட இலைபோல ஆகிவிடும். நடுவில் சில நாள், தட்டைக் காம்பின் நுனியில் பழைய சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

3. நடுவதற்கு ஏப்ரல், மே மாதங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள். குழியில் கோழி எரு, பாஸ்பரஸ் உரம் எதுவும் வேண்டாம். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும். பாசத்தில் உரத்தைக் கொட்டினால்தான் ஆபத்து.

4. முதல் கோடையில் வாரம் ஒருமுறை வேர்வரை இறங்கும்படி தண்ணீர். மண்மேல் இலைதழையால் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

5. பூ உதிர்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்யுங்கள். முற்றிய கிளைவரை வெட்டினால் துளிர்ப்பது சந்தேகம். மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை உருண்டைகள் தொங்கினால் அது ஒரு குட்டிக் குளவியின் வேலை. குளவி வெளியேறித் துளை விழும் முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள்.

இது நூறாண்டு மரமல்ல. பதினைந்து, இருபது வருடத்தில் தளர்ந்துவிடலாம், அதற்குள் பக்கத்தில் இன்னொரு கன்று வைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது விதையை மட்டும் கொண்டுபோக வேண்டாம். நீலகிரியில் சீகை என்கிறார்களே, அது இதன் ஆஸ்திரேலிய உறவுதான். சோலைப் புல்வெளிகளை விழுங்கிய அந்த மரத்தை அகற்ற வனத்துறை இன்னும் பாடுபடுகிறது.