மேசை ரம்பத்தில் நெடுக்கு வெட்டும் சாய்வு வெட்டும்: பலகை சிக்காமல் அறுக்கும் முறை

மேசை ரம்பத்தின் ஆபத்து என்றதும் பெரும்பாலோர் பிளேடில் கை படுவதை மட்டுமே நினைக்கிறார்கள். ஆனால் கை பிளேடுக்குள் போவதற்குப் பல வேளைகளில் முதற்காரணமாக இருப்பது, பலகை திடீரெனப் பின்னுக்கு எறியப்படும் கிக்பேக்தான். நிமிடத்துக்கு 4000 சுற்று சுழலும் 10 அங்குல பிளேடின் பல் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் முன்புறப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டுகின்றன. பின்புறப் பற்களோ மேலெழுந்து, வேலை செய்பவரை நோக்கியே வருகின்றன. வெட்டுப்பட்ட பலகை அந்தப் பின்புறப் பற்களின் மேல் சற்றே அழுந்தினாலும் அவை அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகையால், எந்த வெட்டாக இருந்தாலும் மோட்டாரை இயக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிளேடுக்கும் வேறொன்றுக்கும் இடையே மரம் சிக்கிக்கொள்ள வழி இருக்கிறதா?

பிளேடை மாற்றுவதும் சரிபார்ப்பதும் பிளக்கைக் கழற்றிய பிறகே நடக்க வேண்டும். நெடுக்காக அறுக்க 24 பல் பிளேடும், குறுக்காக அறுக்க 60 அல்லது 80 பல் பிளேடும் பொருந்தும். பலகையின் ஓரத்தை வழிநடத்தும் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். கண் மதிப்பு இங்கே போதாது. பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அது முன்புறம் இருக்கும்போது ஃபென்ஸ் வரையுள்ள தூரத்தை அளந்து, பிளேடைக் கையால் திருப்பி அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். பின்புற அளவு குறைவாக இருந்தால் மரம் பிளேடில் நெரிபடும் என்பதால், அதைத் திருத்தாமல் அறுக்கவே கூடாது. பிளேடுக்குப் பின்னால் நின்று, வெட்டுவாய் (பிளேடு அறுத்த பிளவு) மூடிக்கொள்ளாமல் காக்கும் ரைவிங் நைஃப் என்னும் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு; நெடுக்கு வெட்டில் அதைவிட மதிப்புள்ள பாதுகாப்புச் சாதனம் இல்லை என்பதே என் கருத்து. பிளேடின் மேல்மூடியும் அதன் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்துகொள்ளுங்கள். கையுறையும் தொளதொளப்பான சட்டைக் கையும் வேண்டாம்.

நெடுக்கு வெட்டுக்கு வரும் பலகையின் ஒரு முகம் மேசையில் ஆடாமல் படிய வேண்டும். ஃபென்ஸில் உரசும் ஓரம் நேராக இருக்க வேண்டும். முறுக்கிய பலகையை முதலில் இழைத்து மட்டமாக்குவதே முறை. நீளத்தைவிட அகலம் மிகுந்த துண்டை ஃபென்ஸோடு சேர்த்துத் தள்ளினால் அது திரும்பிச் சிக்கும். அதை மைட்டர் கேஜ் (மேசையின் பள்ளத்தில் ஓடி, பலகையை வேண்டிய கோணத்தில் பிடித்துத் தள்ள உதவும் வழிகாட்டி) கொண்டே அறுக்க வேண்டும். பிளேடின் பற்கள் பலகைக்கு மேல் சுமார் 5 மில்லிமீட்டர் தெரியும் உயரம் போதும். ஃபென்ஸ் வலப்புறம் இருந்தால், பிளேடின் நேர்கோட்டிலிருந்து சற்று இடப்புறம் விலகி நிற்க வேண்டும். இடக்கை பலகையை ஃபென்ஸோடு அணைத்தபடி பிளேடுக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். வலக்கை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடைப்பட்ட பகுதியை, பலகை பிளேடை முழுதும் கடக்கும் வரை நிற்காமல் தள்ள வேண்டும். அந்த இடைவெளி 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கையை எடுத்துவிட்டுத் தள்ளுகட்டையைப் பயன்படுத்துங்கள். நீண்ட பலகையின் மறுமுனையை ஏந்த மேசைக்குப் பின்னால் ஒரு தாங்கி தேவை. வெட்டுவாய் பாதியில் மூடிக்கொண்டால் பலகையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. அதை அசையாமல் பிடித்தபடி மோட்டாரை நிறுத்தி, பிளேடு முற்றிலும் நின்ற பின் வெட்டுவாயில் ஓர் ஆப்பைச் செருக வேண்டும்.

சாய்வு என்பதில் மூன்று வேறு வேலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, பிளேடையே சாய்த்துப் பலகையின் ஓரத்தைச் சரிவாக அறுப்பது. இதில் பிளேடு ஃபென்ஸை நோக்கிச் சாய்ந்தால், வெட்டுப்படும் பகுதி சாய்ந்த பிளேடின் அடியில் ஃபென்ஸோடு சிக்கிக்கொள்ளும். எனவே பிளேடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஃபென்ஸை வைக்க வேண்டும். வலப்புறம் சாயும் ரம்பமானால் ஃபென்ஸ் இடப்புறம் போக வேண்டும், நிற்கும் இடமும் அதற்கேற்ப மாற வேண்டும். சாய்த்த பிறகு பிளேடை ஒரு சுற்று கையால் திருப்பி, அது எதிலும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சாய்க்கும்போது வெட்டும் ஆழம் குறையும் என்பதால் உயரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மைட்டர் கேஜைக் கோணத்தில் திருப்பிப் பலகையின் முனையைச் சாய்வாக அறுப்பது. இங்கே ஃபென்ஸுக்கு வேலையே இல்லை. அளவுக்காக அதையும் சேர்த்துப் பயன்படுத்தினால், அறுபட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே நின்று எறியப்படும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டுமானால், மைட்டர் கேஜில் பூட்டிய நீண்ட கட்டையில் ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். கோண வெட்டில் மரம் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். அந்தக் கட்டையின் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் பிடிப்புக் கிடைக்கும். மரத்தையும் கிளாம்பால் இறுக்கிவிட்டால் இன்னும் நல்லது. நான்கு பக்கச் சட்டத்துக்கு 45 பாகை, ஆறு பக்கத்துக்கு 30, எட்டுப் பக்கத்துக்கு 22.5 என்பது கணக்கு. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிசகினால், நான்கு பக்கச் சட்டத்தின் எட்டு வெட்டுகளிலும் அது சேர்ந்து, கடைசி மூலையில் 4 பாகை இடைவெளியாகத் தெரியும். ஆதலால் கேஜின் எண்களை நம்பாமல், கழிவு மரத்தில் இரண்டு துண்டுகள் அறுத்துச் சேர்த்து மூலைமட்டத்தில் பாருங்கள்.

மூன்றாவது, மேசைக்கால் போல நெடுக அகலம் குறைந்துகொண்டே போகும் வெட்டு. இதை வெறுங்கையால் முயலக் கூடாது. ஓரம் நேரான ஒரு தட்டைப் பலகையை ஃபென்ஸோடு ஓட்டி அறுத்தால், அந்த அமைப்பில் பிளேடு செல்லும் கோடு அதன் ஓரமாகவே அமைந்துவிடும். ஃபென்ஸை அசைக்காமல், காலில் வரைந்த கோட்டை அந்த ஓரத்தோடு பொருத்தி, கழிவுப் பகுதி வெளியே நீளுமாறு வைத்து, காலை மேலிருந்து கிளாம்பால் இறுக்கிப் பலகையோடு தள்ளினால் போதும். அடுத்த முகத்தை அறுக்கும்போது முதலில் சரித்த முகம் மேலே வருமாறு காலைத் திருப்பினால், இழைத்த மட்டமான முகம் பலகையில் ஆடாமல் படியும்.

வெட்டு முடிந்ததும் பிளேடின் அருகே கிடக்கும் சிறு துண்டுகளைச் சுழற்சி நிற்கும் வரை தொட வேண்டாம். பிறகு சாய்த்த பிளேடை 90 பாகைக்கு நிமிர்த்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மேசை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.