மானியத்துல ஓடுற பஸ் ஒழுங்கா வரலன்னா எப்படி கேக்குறது

சும்மா பஸ் வரலன்னு புகார் போட்டா "பாக்குறோம்"னு பதில் வரும், அவ்ளோதான். அதனால தேதி, ரூட் நம்பர், ஸ்டாப், டைம்டேபிள்ல போட்ட நேரம், நெஜமா வந்த நேரம் எல்லாத்தையும் போன்லயே குறிச்சு வைங்க, வராமலே போன ட்ரிப்ப தனியா எழுதுங்க, லேட்டும் கேன்சலும் ஒண்ணு இல்ல.

அப்புறம் மானியம் குடுக்குற ஆபீசும் பஸ் ஓட்டுற கம்பெனியும் போட்டுக்கிட்ட ஒப்பந்தத்த கேட்டு வாங்கிப் படிங்க, இதுதான் ரொம்ப முக்கியம். ஓட்டுற கம்பெனிக்கு கிலோமீட்டர் கணக்குல காசுன்னா, ஓடாத ட்ரிப்புக்கு பணம் புடிச்சீங்களான்னு அந்த ஆபீஸ்ல கேளுங்க. டிக்கெட் வசூல் அவங்களுக்கேன்னா கூட்டமில்லாத ராத்திரி ட்ரிப்புலதான் மொதல்ல கை வைப்பாங்க, பாவம் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க.

டிக்கெட் ஏத்தினா சரியாயிடும்னு சொன்னா உடனே ஒத்துக்காதீங்க, ஏத்தினதுல ஆளு கொறஞ்சா வசூல் எதிர்பார்த்த அளவு ஏறாது. புகார மானியம் குடுக்குற ஆபீசுக்கே அனுப்புங்க, கம்பெனிக்கு காப்பி போதும்.