மைக் இல்லாத கானாக் குழு: ஐந்து பேரை ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது எப்படி

வடசென்னையில் ஆள் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. வியாசர்பாடியில் கானா பாட ஒருவர், ராயபுரத்தில் சர்ச் கொயருக்கு கிடார் வாசிக்கிறவர், திருவொற்றியூர்ப் பக்கம் பஜனையில் ஆர்மோனியம் போடுகிறவர், புளியந்தோப்பில் பறைக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர். விசாரித்தால் ஒரே வாரத்தில் அமைந்துவிடும். தனித்தனியாக எல்லாருமே நன்றாக வாசிப்பார்கள், சேர்ந்து வாசித்தால்தான் இரைச்சல். ஒவ்வொருவரும் கற்ற இடத்தில் சுருதிக்கும் தாளத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. அதனால் முதல் நாள் பாட்டு எடுக்காதீர்கள். யார் எங்கே கற்றார்கள், எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

சுருதியைப் பாடுகிறவரின் தொண்டைதான் முடிவு செய்ய வேண்டும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகியவருக்குக் கட்டைக் கணக்கு (சுருதியை எண்ணால் சொல்வது) தேவைப்பட்டிருக்காது; சூடேற ஏறக் குரலும் மேலே போகும். அவரைப் பல்லவி பாடச் சொல்லிக் கட்டை பிடித்தால் சரணத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பாட்டின் ஆக உச்சமான வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். அது சிரமமில்லாமல் வருகிற இடத்தை ஆர்மோனியத்தில் பிடித்து, அங்கிருந்து அரைக் கட்டை இறக்கி வையுங்கள்.

இனி கிடார்காரருக்கு மொழிபெயர்க்க வேண்டும். 1 கட்டை என்றால் சி, 2 என்றால் டி, 4 என்றால் எஃப், 5 என்றால் ஜி. பாடகர் நாலரைக் கட்டை என்றால் அது எஃப் ஷார்ப்: நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி டி கார்டு பிடிக்கிற விரல் ஷேப், அல்லது இரண்டாவதில் மாட்டி ஈ ஷேப். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட்டில் ஜி ஷேப். கிடாரை போன் ட்யூனரில் சேர்த்துவிட்டு வராதீர்கள். பழைய ஆர்மோனியப் பெட்டியின் ரீடு பெரும்பாலும் ட்யூனரின் 440 ஹெர்ட்ஸ் கணக்கில் நிற்காது, உட்கார்ந்த இடத்தில் அதைத் திருத்தவும் முடியாது. கிடார்தான் பெட்டிக்கு இறங்கி வர வேண்டும். கேப்போ கம்பியை லேசாக இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். ஆகவே மாட்டிய பிறகு இன்னொரு முறை சேருங்கள்.

கொயரில் வாசித்தவருக்கு வரிக்கு வரி கார்டு மாற்றக் கை துடிக்கும். அதை அடக்கச் சொல்லுங்கள். கானாப் பாடகர்கள் பலர் காந்தாரத்தை, அதாவது மூன்றாவது ஸ்வரமான ‘க’வை, ஒரே இடத்தில் நிறுத்த மாட்டார்கள், சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவே அசைப்பார்கள். மேஜர், மைனர் எதை வாசித்தாலும் உரசும். ஸ, ப இரண்டை மட்டும் பிடித்தாலே போதும்.

தாளத்தில் நடக்கிற தகராறு இன்னும் பெரிது. பாடகரும் டோலக்குக்காரரும் தகிட தகிட என்று திஸ்ரத்தில், மும்மூன்றாக எண்ணிப் போய்க்கொண்டிருக்க, கிடார் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று இறங்கும். இரண்டு வரி ஒத்துப்போவதுபோல் இருக்கும், மூன்றாவதில் உடையும். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் ஆறு எண்ணி, ஒன்றிலும் நாலிலும் கைதட்டுங்கள். பாடகர் பாடட்டும், மற்றவர்கள் தட்டட்டும். தட்டு ஓடாமல் முழுப் பாட்டும் முடிந்த பிறகு கிடார்காரர் அதே ஒன்றிலும் நாலிலும் மட்டும் கீழ்நோக்கி ஒரு அடி அடிக்கட்டும். நடுவில் நிரப்புவதெல்லாம் பிறகு.

ஒப்பாரி பாடத் தெரிந்த அக்கா ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதைத் தாளத்துக்குள் திணிக்காதீர்கள். மூச்சு முடிகிற இடத்தில்தான் அந்த வரி முடியும். ஆர்மோனியத்தில் ஸட்ஜம் மட்டும் ஓடட்டும், அவர் நிறுத்தி ஒரு மூச்சு இடைவெளி விட்ட பிறகு பறை நுழையட்டும்.

பறையைக் காய்ச்சுவது பறைக்காரருக்குத் தெரியும், மற்றவர்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். வைக்கோல் அல்லது பேப்பர் நெருப்பில் தோலைத் தள்ளிப் பிடித்து, தட்டிப் பார்க்கும்போது ‘தொம்’ போய் ‘டண்’ என்று வரும்வரை காட்ட வேண்டும். கிட்டே கொண்டுபோனால் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய விளிம்பில் தோல் பிய்த்துக்கொள்ளும். காசிமேடு, ராயபுரம் பக்கம் சாயங்காலக் கடல்காற்றில் காய்ச்சிய சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பறைப் பாட்டுகளை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பறையைக் காய்ச்சித் தயாராக வையுங்கள்.

2018 ஜனவரியில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவைப் பார்த்துக் குழு தொடங்குகிறவர்கள் நிறைய. அது எலக்ட்ரிக் கிடாரும் மைக்கும் உள்ள மேடை. மொட்டைமாடியில் அதே அடியை அடித்தால் பறையைத் தவிர எதுவும் கேட்காது. பாடகரும் ஆர்மோனியமும் முன்னால், கிடார் பக்கத்தில், பறை பத்தடி பின்னால், முகம் பக்கவாட்டில். பாட்டு நடக்கும்போது பறையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி மட்டும், அதுவும் விளிம்போரம். தடித்த அடிக்குச்சி சேர்வது இடை இசையில். கிடாருக்கு ஸ்டீல் கம்பி போடுங்கள், நைலான் இந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். டோலக்கின் இடது பக்கமும் கிடாரின் தடித்த கம்பிகளும் ஒரே இடத்தில் மோதும். கிடார்காரர் மெல்லிய கம்பி நாலோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மைக் இல்லையே, யார் கேட்பார்கள் என்று இரவு வரை இழுக்காதீர்கள். ஒலி மாசு விதிகளில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் அடங்கும்: மூடிய இடம் தவிர வேறெங்கும் இரவு 10 மணி முதல் காலை 6 வரை வாசிக்கக் கூடாது. மொட்டைமாடி மூடிய இடம் ஆகாது. ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் மூன்று பாட்டு தேறும்.